நகையும் அச்சமும்: வங்காளப் பேய்க்கதைகளும் மர்ம நாவல்களும் – ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

மர்ம நாவல்களையும் அமானுட நாவல்களையும் விரும்பிப் படிப்போரிடையே நகைச்சுவை பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. சிரிப்பு அச்சத்தைப் போக்கிவிடும்; ஆகவே பேய்க்கதையில் நகைச்சுவை இடம்பெறுவது கதையின் நோக்கத்தையே கெடுத்துவிடும் என்பது ஒன்று. அச்சமும் புதிரும் நிறைந்த கதையில் படிப்பவர் இடையிடையே இளைப்பாற வேண்டும்; அதற்கு நகைச்சுவை துணைசெய்யும் என்பது மற்றொன்று. முதற்கருத்து நகைச்சுவையைப் பகையாகக் கொள்கிறது. இரண்டாவது அதனை விருந்தாகக் கொள்கிறது. இரண்டுமே அதனைக் கதைக்குப் புறத்தே நிறுத்துகின்றன என்பது கருதத்தக்கது.

முதற்கருத்துக்குப் பழைய இலக்கணச் சான்றும் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் ஒடிசாவில் வாழ்ந்த விசுவநாதர் தம் சாகித்திய தர்ப்பணத்தில் நகைச்சுவைக்கு அச்சச்சுவையும் அவலச்சுவையும் பகை என்கிறார். ஆயின் அவருக்கு முன்னரே ஆனந்தவர்த்தனர், பகையான சுவைகளும் ஒரே படைப்பில் இடம்பெறலாம், அவற்றின் நிலைக்களன் வேறாக இருந்தால் போதும் என்று வழிகாட்டியிருக்கிறார். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோ நகை, அச்சம் இரண்டையும் எட்டு மெய்ப்பாடுகளுள் அடக்கி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அச்சத்தின் நிலைக்களன்களுள் அணங்கும் கள்வரும் உள்ளனர். இன்றைய வழக்கில் சொன்னால் முன்னது அமானுட நாவலின் பொருள். பின்னது மர்ம நாவலின் பொருள். நகையின் நிலைக்களன்களுள் இளமையும் பேதைமையும் உள்ளன. அணங்கும் கள்வரும் உள்ள இடத்திற்கு இளமையும் பேதைமையும் வந்து சேர்ந்தால் என்ன நிகழும் என்பதே இவ்வகை நாவல்கள் எழுப்பும் வினா.

இவ்வினாவை ஆராய வங்காள இலக்கியம் ஏற்ற களமாகிறது. நகைச்சுவையோடு கூடிய பேய்க்கதை அங்கு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து எழுதப்பட்டு வருகிறது. திரைலோக்கியநாத் முகோபாத்யாய் முதல் ராஜசேகர் பாசு, சத்தியஜித் ராய், சீர்ஷேந்து முகோபாத்யாய் வரை இவ்வகையில் எழுதியோர் சிறு எழுத்தாளர் அல்லர். இவர்களின் படைப்புகளில் சிரிப்பு பெரும்பாலும் நிகழ்ச்சியில் இல்லை, மொழியில் இருக்கிறது என்பதும், அம்மொழிக்கூறுகளை அறியாமல் செய்யப்படும் மொழிபெயர்ப்பு இந்நாவல்களை வெறும் சிறுவர் கதைகளாக்கிவிடும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

2. பேய்களின் சமுதாயம்

வங்காள நாட்டார் வழக்கில் பேய் என்பது ஒரே இனம் அன்று. பிராமணன் இறந்து பேயானால் பிரம்மதைத்யன். திருமணமான பெண் பேயானால் சங்கு வளையலோடு திரியும் சாக்சுன்னி. முஸ்லிம் பேய்க்கு மாம்தோ என்று தனிப்பெயர். மீன் மீது ஆசை நீங்காத பேய் மேச்சோ, தலையில்லாதது ஸ்கந்தகாட்டா, புதையலைக் காப்பது யக்ஷன், இரவில் பெயர் சொல்லி அழைப்பது நிசி. சாதி, சமயம், திருமணநிலை, உணவு விருப்பம் ஆகிய வாழ்வோரின் பாகுபாடுகள் அனைத்தும் இறந்தோரிடையேயும் தொடர்கின்றன. இப்பெயர்த்தொகுதி அச்சத்தின் அகராதி மட்டுமன்று. ஒரு சமுதாயத்தின் குடிக்கணக்காகவும் அமைகிறது. எழுத்தாளர்கள் இக்கணக்கை உள்ளவாறே எடுத்துக்கொண்டு, அதன் தருக்கத்தை இறுதிவரை கொண்டுசென்றார்கள். சிரிப்பு அங்கிருந்தே பிறந்தது.

திரைலோக்கியநாத் முகோபாத்யாய் (1847–1919) கல்கத்தா அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். இந்தியக் கைவினைப் பொருள்கள் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். 1892இல் வெளிவந்த அவருடைய ‘கங்காவதி’ இரு பகுதிகளை உடையது. முதற்பகுதி நடப்பியல் சார்ந்தது. கங்காவதியை மணக்க வேண்டிய கேது என்னும் இளைஞன் கல்கத்தாவில் பனிக்கட்டி உண்டான் என்பதற்காக ஊரார் அவனை விலக்கிவைக்கின்றனர். கிழவரான ஜமீன்தாருக்கு அப்பெண்ணை மணமுடிக்க முயல்கின்றனர். இரண்டாம் பகுதி காய்ச்சலில் கிடக்கும் அப்பெண்ணின் கனவுலகம். அங்கே மண்டையோடும் எலும்புக்கூடும் கூட்டாகச் சேர்ந்து ஆங்கில வணிகநிலையத்தின் பாணியில் ஒரு கம்பெனி நடத்துகின்றன; ஆங்கிலேயர் உடை அணிந்த தவளையொன்று பொருளற்ற ஆங்கில ஒலிகளை உதிர்த்துத் தன்னைத் துரையாகக் காட்டிக்கொள்கிறது. இந்நாவல் வெளிவந்த காலத்திலேயே ரவீந்திரநாத் தாகூர் இதற்கு மதிப்புரை எழுதினார். ஆங்கிலத்தின் ஆலிஸ் கதையோடு இதனை ஒப்பிட்டார்.

அவ்வொப்பீடு பொருத்தமானதே, எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆலிஸ் சென்ற உலகின் விந்தை அவளுடைய பகலுலகிலிருந்து விலகியது. கங்காவதியின் கனவுலகமோ பகலுலகைவிட அறிவுக்கு ஒத்ததாக இருக்கிறது. பனிக்கட்டிக்கு அஞ்சும் ஊரைவிட, கணக்கெழுதி வணிகம் செய்யும் பேய்கள் தெளிந்த மனத்தினவாகத் தோன்றுகின்றன. இங்கு நகைச்சுவை அச்சத்தைக் குறைக்கவில்லை. அஞ்சத்தக்கது எது என்பதை இடமாற்றுகிறது. இவ்வாசிரியரின் ‘லுல்லு’ என்னும் கதையில் பேயின் தோற்றம் பற்றிய ஒரு விளக்கம் வருகிறது. நீர் உறைந்து பனிக்கட்டியாவது போல இருள் உறைந்து பேயாகிறது. நீரை உறைய வைக்கப் பொறி இருக்கும்போது இருளை உறைய வைக்கவும் பொறி செய்யலாம் என்று கதை மேலும் செல்கிறது. அறிவியல் நடையில் அமைந்த இவ்விளக்கத்தின் சிறப்பு அதன் வாய்பாட்டு ஒழுங்கில் இருக்கிறது. தருக்கத்தின் வடிவம் பழுதற்றது. பொருள் மட்டுமே இருள்.

பரசுராம் என்னும் புனைபெயரில் எழுதிய ராஜசேகர் பாசு (1880–1960) இம்மரபை மேலும் செறிவாக்கினார். வேதியியல் கற்று மருந்து நிறுவனத்தில் பணியாற்றியவர். ‘சலந்திகா’ என்னும் அகராதியைத் தொகுத்தவர். 1930களில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அமைத்த எழுத்துச் சீர்மைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர். 1924இல் வந்த ‘கட்டலிகா’ தொகுதியிலுள்ள ‘பூஷண்டீர் மாடே’ நாவல் அன்று, சிறுகதை. எனினும் இவ்வகை நாவல்கள் அனைத்திற்கும் இலக்கணம் போல் அமைந்தது. இறந்து பேயான சிவு பட்டாசார்யர் பேயுலகிலும் மணவாழ்க்கையை நாடுகிறார். முற்பிறவிகளின் கணவன்மாரும் மனைவிமாரும் பேய்வடிவில் ஒருசேர வந்து உரிமை கோரவே, கதை அவிழ்க்கவொண்ணாச் சிக்கலில் முடிகிறது. மறுபிறவிக் கொள்கையையும் பிறவிதோறும் தொடரும் மணவுறவையும் ஒருசேர ஏற்றுக்கொண்டால் கணக்கு எங்கே கொண்டுவிடும் என்பதே கதையின் புதிர். இறந்தபின் யார் யாருக்கு என்ன கதி என்று அக்கதையில் வரும் பட்டியலில், ஆன்மா இல்லை என்ற நாத்திகர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் நைட்ரஜனுமாகப் பிரிந்து போகிறார். அகராதி தொகுத்தவரின் வகைப்படுத்தும் பழக்கமும் வேதியியலாரின் பகுப்பாய்வும் ஒருங்கே வெளிப்படும் இடம் இது.

3. அஞ்சாத சிறுவன்

சீர்ஷேந்து முகோபாத்யாய் (பிறப்பு 1935) ‘மானவ்ஜமீன்’ நாவலுக்காக 1989இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். 1970களின் பிற்பகுதி தொடங்கி ‘ஆனந்தமேளா’ என்னும் சிறுவர் இதழை ஒட்டி அவர் எழுதிய விந்தை நாவல்கள் தனி வரிசையாக வளர்ந்தன. அவற்றுள் ‘கோஸாயிபாகானேர் பூத்’ இங்கு விரிவாகக் கருதத்தக்கது.

புருன் என்னும் சிறுவன் கணக்குத் தேர்வில் 13 மதிப்பெண் பெறுகிறான். அத்துயரோடு ஊருக்குப் புறத்தேயுள்ள தோப்பில் திரியும்போது நிதிராம் என்னும் பேய் அவன்முன் தோன்றுகிறது. பேய் தனக்குத் தெரிந்த வித்தைகளையெல்லாம் காட்டியும் சிறுவன் அஞ்சவில்லை. 13 மதிப்பெண்ணின் துயர் அவன் நெஞ்சை முழுவதும் நிறைத்திருப்பதால் அச்சத்திற்கு அங்கே இடமில்லை. கலங்கிப்போவது பேய்தான். ஒரு சிறுவனை அச்சுறுத்த இயலவில்லை என்பது பேய்களிடையே தனக்குப் பெரும் இழுக்காகும் என்று அது வருந்துகிறது. இராமன் பெயரைச் சொன்னால் பேய் விலகும் என்பது வங்காளத்தில் பரவலான நம்பிக்கை. இப்பேயின் பெயரிலேயே அப்பெயர் அமைந்திருப்பதும் நோக்கத்தக்கது.

ஆஸ்டினின் பேச்சுச்செயல் கொள்கை இந்நிகழ்ச்சியை விளக்க உதவுகிறது. எச்சரித்தல், வாக்களித்தல் போன்றவை சொல்வோனால் முற்றுப்பெறும் செயல்கள். அச்சுறுத்தி அஞ்சவைத்தலோ கேட்போனிடம் விளையும் விளைவைப் பொறுத்தது. கேட்போன் அஞ்சாவிடின் அச்செயல் நிகழவே இல்லை. பேய் என்னும் நிலையே இத்தகைய செயலால் அமைவது. ஆசிரியராக இருப்பவர் மாணவர் இல்லாத நாளிலும் ஆசிரியரே. அஞ்சுவோர் இல்லாத பேய் பேயாக நிற்பது அரிது. ஆகவே நிதிராமின் கவலை வெறும் வேடிக்கை அன்று; இருப்பே கேள்விக்குள்ளான ஒருவனின் கவலை. தேர்வில் தவறிய சிறுவனும் தொழிலில் தவறிய பேயும் எதிர்நிற்கும்போது, படிப்பவர் இருவரையும் ஒரே தட்டில் வைத்துக் காண்கிறார்.

ஆனந்தவர்த்தனர் கூறிய நிலைக்கள வேற்றுமை இங்கு எதிர்பாராத வகையில் நிறைவேறுகிறது. சிறுவனிடம் இருக்க வேண்டிய அச்சம் பேயிடம் சென்றுவிட்டது. நகை படிப்பவரிடம் நிற்கிறது. சிறுவனிடம் இருப்பது துயர். இம்மூன்றும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே காட்சியில் வாழ்கின்றன. இக்காட்சியிலிருந்து நகைச்சுவையை நீக்கினால் அச்சம் மிகாது; காட்சியே இல்லாமற்போகும். நகைச்சுவை கதையின் உறுப்பா, அணியா என்று அறிய இந்நீக்கற்சோதனை போதுமானது.

இவ்வரிசையின் பிற்கால நாவல்கள் அனைத்தும் இச்சோதனையில் தேறும் என்று கூறவியலாது. விசித்திரமான பெருங்குடும்பம், நல்லியல்புடைய பேய், ஒரு கொள்ளைக்காரன், மறைந்து கிடக்கும் அரும்பொருள் என்னும் அமைப்பு மீண்டும் மீண்டும் வரும்போது வாய்பாடாகிவிடுகிறது. பேய் நல்லது என்று படிப்பவர் முன்னரே அறிந்துவிட்டால், அச்சுறுத்த இயலாமை என்னும் நிகழ்ச்சிக்குப் பொருள் குறைகிறது. நகைக்கு அச்சம் வேண்டியிருக்கிறது என்பதற்கு இத்தளர்ச்சியே சான்றாகும். அச்சத்திற்கான வாய்ப்பு முற்றும் நீங்கிய இடத்தில் சிரிப்பும் நீங்கிவிடுகிறது.

4. துப்பறிவாளரும் சிரிப்பும்

மர்ம நாவலிலும் இதே நோக்கைப் பொருத்திப் பார்க்கலாம். சீர்ஷேந்துவின் ‘மனோஜ்தேர் அத்புத் பாடி’ நாவலில், வீட்டில் கிடைக்கும் ஒரு சிறுவனின் நிழற்படம் யாருடையது என்று அவ்வீட்டார் எவருக்கும் தெரியவில்லை. அங்கே வரும் பரதாசரண் என்னும் துப்பறிவாளர், வாயில் வழியாக வருவது துப்பறிவாளருக்கு அழகன்று எனக் கருதிச் சுவரேறியே வருகிறார். நிதிராம் பேய்க்குரிய விதிகளில் தவறுகிறது; பரதாசரணோ துப்பறிவாளருக்குரிய விதிகளைத் தேவையற்ற இடத்திலும் கடைப்பிடிக்கிறார். ஒன்று குறைவு, மற்றொன்று மிகை. இரண்டிலும் நகைப்புக்குரியது தனிமனிதர் அன்று, கதைவகையின் மரபே.

சத்தியஜித் ராயின் ஃபெலுதா கதைகள் ‘சந்தேஷ்’ இதழில் 1965இல் தொடங்கின. ஜடாயு என்ற புனைபெயரில் மர்ம நாவல்கள் எழுதும் லால்மோகன் கங்கூலி 1971இல் வந்த ‘சோனார் கேல்லா’ நாவலில்தான் முதன்முதலாகத் தோன்றுகிறார். ஆகவே நீக்கற்சோதனையைக் கற்பனையாகச் செய்ய வேண்டியதில்லை. ஜடாயு இல்லாத ஆறாண்டுக் கதைகள் முன்னரே உள்ளன. ‘பாத்ஷாஹி ஆங்டி’, ‘காங்டோக்கே கண்டகோல்’ முதலியவற்றில் புதிர் குறைவின்றி நடக்கிறது. ஜடாயு இல்லாமலும் கதை நிற்கும் என்பது இதனால் பெறப்படும். எனினும் அவர் வந்தபின் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. முன்னைய கதைகளில் அறியாமை என்னும் பங்கு கதைசொல்லும் சிறுவன் தோப்சேயிடம் இருந்தது. பின்னர் அது வயதில் மூத்த, நூல்கள் பல விற்பனையான ஓர் எழுத்தாளரிடம் சென்றது. இளமையிலிருந்து பேதைமைக்கு நகை இடம்பெயர்ந்தது எனலாம். மேலும், ஜடாயுவின் நாவல்களில் மலிந்திருக்கும் தகவற்பிழைகளையும் எதுகை மோனைத் தலைப்புகளையும் ஃபெலுதா திருத்தும்போதும் கேலிசெய்யும்போதும், மர்ம நாவல் தன்னைத்தானே திறனாய்வு செய்துகொள்கிறது.

‘சோனார் கேல்லா’வில் அமானுடக் கூறும் உண்டு. முகுல் என்னும் சிறுவன் முற்பிறவியில் தான் கண்ட தங்கக் கோட்டையைப் பற்றிப் பேசுகிறான். அவனைத் தேடிச் செல்லும் பயணம் ஜெய்சல்மேரில் முடிகிறது. குற்றவாளி யார் என்பதை ஃபெலுதா அறிவால் காண்கிறார். முற்பிறவி நினைவு உண்மையா என்பதற்கு நாவல் தீர்ப்பு வழங்குவதில்லை. புதிருக்கு விடை கூறி, விந்தைக்கு விடை கூறாமல் விடும் இம்முறை நேர்மையானது. இங்கு ஜடாயுவின் அறியாமை ஒரு பணியைச் செய்கிறது. தெரியாததைத் தெரிந்ததாகக் கூறும் பேதைமையைக் கேலிசெய்த நாவல், தனக்குத் தெரியாத ஒன்றில் அடங்கி நிற்கிறது. எனவே ஃபெலுதா கதைகளில் நகைச்சுவை உறுப்பன்று, துணை. ஆனால் ‘சோனார் கேல்லா’வில் அத்துணை உறுப்பின் வேலையையும் செய்கிறது என்று வரையறுக்கலாம்.

5. பேயின் மூக்கொலி

இதுவரை கண்டவை கதையமைப்பு வழியே பிற மொழிக்கு ஏறக்குறைய வந்துவிடும். வாராதது ஒன்று உண்டு. அது பேயின் குரல்.

வங்காளக் கதைமரபில் பேயும் அரக்கியும் மூக்கால் பேசுவது வழக்கம். 1907இல் தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் வெளியிட்ட ‘டாகுர்மார் ஜுலி’ தொகுப்பில் அரக்கியர் பேச்சின் உயிர்கள் மேல் சந்திரபிந்து என்னும் பிறையும் புள்ளியும் அடுக்கடுக்காக இடப்பட்டிருக்கும். அச்சுப் பக்கத்தைப் பார்த்த அளவிலேயே பேசுவது மனிதரல்லர் என்று வங்காளச் சிறுவர் அறிந்துகொள்வர்.

இவ்வுத்தி வங்காள ஒலியமைப்பில் வேரூன்றியது. அம்மொழியில் மூக்கொலி பெற்ற உயிர்கள் பொருளை வேறுபடுத்தும் ஒலியன்கள். சேற்றைக் குறிக்கும் ‘காதா’ என்னும் சொல்லின் முதல் உயிர் மூக்கொலி பெற்றால் ‘அழுதல்’ என்று பொருள்படும். படர்க்கைப் பெயர்களில் மூக்கொலி மரியாதையைக் குறிக்கும். ‘தார்’ என்பது ‘அவனுடைய’, மூக்கொலி பெற்றால் ‘அவருடைய’. இறந்தவர் பெயருக்கு முன் சந்திரபிந்து இட்டு எழுதும் வழக்கமும் உண்டு. ஒரே குறி சொற்பொருளை மாற்றுகிறது, உயர்ந்தோரைச் சுட்டுகிறது, மறைந்தோரைச் சுட்டுகிறது. இவற்றிடையே வரலாற்றுத் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. ஆயினும் பேயின் வாயில் எல்லா உயிர்களுக்கும் அக்குறி வரும்போது, பொருள் வேறுபடுத்தும் ஒழுங்கு குலைவதும், இறப்பின் நினைவு தோன்றுவதும், மரியாதை அளவிறந்து பெருகுவதும் ஒருங்கே நிகழ்கின்றன. அச்சமும் நகையும் ஒரே எழுத்துக்குறியில் தங்குகின்றன. சுகுமார் ராயின் ‘ஹஜபரல’வில் கைக்குட்டை பூனையாக மாறி, தன்னைச் சந்திரபிந்து என்றும் அழைக்கலாம் என்று கூறுவது, இக்குறியின் நகைத்திறனை அவர் நன்கு உணர்ந்திருந்தமையைக் காட்டும்.

தமிழில் நிலை வேறு. தமிழ் எழுத்தில் சந்திரபிந்து இல்லை. மூக்கொலி உயிர்கள் ஒலியன்களாகவும் இல்லை. ஆனால் பேச்சுத்தமிழில் அவை இல்லை என்பது தவறு. ‘மரம்’, ‘வந்தான்’ போன்ற சொற்களின் ஈற்று மெய் பேச்சில் தேய்ந்து, முன்னுள்ள உயிர் மூக்கொலி பெறுகிறது. வங்காளியின் காதுக்குப் பேய்க்குரல் என்று படும் ஒலிப்பண்பு, தமிழரின் அன்றாட உரையாடலில் ஒவ்வொரு வாக்கியத்திலும் உள்ளது. ஆகவே ஒலியளவில் அதனை அப்படியே கொணர்ந்தால் அமானுடம் தோன்றாது. எழுத்தளவில் மெல்லெழுத்துகளை இடையிடையே நுழைத்துக் கொணர முயன்றால் சளிபிடித்தவரையோ பேச்சுக்குறை உடையவரையோ கேலிசெய்வதாக முடியும். மூலத்தில் சமுதாயத்தை நோக்கிய நகை, பெயர்ப்பில் ஒருவரின் உடற்குறையை நோக்கியதாகிவிடும். இஃது இலக்கியக் குறை மட்டுமன்று, அறக்குறையும் ஆகும்.

குறியீட்டின் பொருள் அது வழங்கும் அமைப்பைப் பொறுத்தது என்பதற்கு வேறொரு சான்று திரைப்படத்திலிருந்து கிடைக்கிறது. உபேந்திரகிசோர் ராய்சவுதுரியின் கதையைச் சத்தியஜித் ராய் 1969இல் ‘கூபி காயின் பாகா பாயின்’ என்று படமாக்கியபோது, பேய்களை நான்கு வகுப்பினராகப் பிரித்து ஆடவைத்தார். அந்நடனத்திற்கு அவர் தேர்ந்தவை மிருதங்கம், கடம், கஞ்சிரா, முகர்சிங் ஆகிய தென்னிந்தியத் தாளக் கருவிகள். பேயரசனின் குரல் பொறியால் மாற்றப்பட்ட அவருடைய சொந்தக் குரல். வங்காளப் பார்வையாளருக்குப் பழகாத அத்தாளம் வேற்றுலகை உணர்த்தியது. தமிழ்ப் பார்வையாளருக்கோ அது கச்சேரி மேடையின் தனியாவர்த்தனம். ஒரே ஒலி ஓரிடத்தில் பேயாகவும் மற்றோரிடத்தில் வித்துவானாகவும் நிற்கிறது.

6. தமிழில் செய்யத்தக்கது

தமிழுக்கு இயலாதது இதுவெனின், இயல்வது எது என்பதும் ஆராயத்தக்கது. வங்காளம் நெடுங்காலம் சாது பாஷா, சலித் பாஷா என்னும் இருவழக்குகளைப் பேணிற்று. திரைலோக்கியநாத்தும், ‘கட்டலிகா’க் கதைகளில் பரசுராமும் கதைகூற்றைச் சாது பாஷாவில் அமைத்தனர். மண்டையோட்டுக் கம்பெனியைப் பற்றிய செய்தி, நீதிநூலுக்குரிய வினைமுற்றுகளோடு வரும்போது பொருளுக்கும் நடைக்கும் இடைவெளி உண்டாகிறது. நகை அவ்விடைவெளியில் பிறக்கிறது. பின்னர் புனைகதை சலித் பாஷாவுக்கு முற்றும் மாறியதால் சீர்ஷேந்துவுக்கு இக்கருவி கிட்டவில்லை. அவர் நகையை நிகழ்ச்சியிலும் உரையாடலிலும் தேடியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

தமிழோ இன்றும் இரட்டை வழக்கு மொழி. எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள தொலைவைத் தமிழ் வாசகர் ஒவ்வொரு நாளும் உணர்கின்றனர். எனவே திரைலோக்கியநாத்தைத் தமிழாக்குவோர் எளிமை கருதி இன்றைய இதழ்நடையைக் கையாள்வது பொருந்தாது. உரையாசிரியர் நடையை ஒத்த இறுக்கமான உரைநடையே மூலத்தின் நகையைத் தரும். பேயின் உரையாடலுக்கும் இதே வளத்தைப் பயன்படுத்தலாம். மனிதர் அனைவரும் பேச்சு வழக்கில் பேசும் நாவலில், பேய் மட்டும் எழுத்து வழக்கின் நிறைவான வினைமுற்றுகளோடு பேசினால், அது இக்காலத்தது அன்று என்பது செவிக்குத் தெரியும். சிரிப்பும் உடன் வரும். வடமொழியில் ‘பூத’ என்னும் சொல் கழிந்ததையும் பேயையும் ஒருங்கே குறிப்பதும், தமிழில் கழிந்த காலம் ‘இறந்தகாலம்’ எனப்படுவதும் இத்தேர்வுக்கு இயல்பான துணையாகும். ஆயினும் இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. எழுத்து வழக்கு தமிழில் மேடைப்பேச்சையும் புலமையையும் நினைவூட்டும். படிப்பறியாத மீன்பேய்க்கு அது பொருந்தாது. பிரம்மதைத்யனுக்கு மிகப் பொருந்தும். எனவே பேய்க்குடிக்கணக்கின் ஒவ்வோர் இனத்திற்கும் தனித்தனியே முடிவுசெய்ய வேண்டியிருக்கும். பரசுராமின் கதையில் இந்தி பேசும் பேயொன்றும் வருவதால் இவ்வேறுபாடு மூலத்திலேயே வேண்டப்படுகிறது.

முன்னிலைப் பெயர்களும் இத்தகையனவே. வங்காளத்தில் ஆப்னி, துமி, துயி என மூன்று படிகள். தமிழின் நீங்கள், நீர், நீ என்பன அவற்றோடு முற்றும் ஒத்தவை அல்ல. எனினும் படிமாற்றத்தைக் காட்டவல்லவை. கொள்ளைக்காரன் மரியாதைப் பெயரால் அழைப்பதும், பேய் திடீரென்று ஒருமைக்கு மாறுவதும் தமிழில் எளிதில் வரும். ஃபெலுதா என்பதிலுள்ள ‘தா’ அண்ணனைக் குறிக்கும் முறைப்பெயர் என்பதையும் தமிழ் வாசகருக்கு உணர்த்துவது கடினமன்று. ‘அண்ணன்’ என்று பெயரோடு சேர்த்து அழைக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. ஆங்கிலம் வழியாக வரும் மொழிபெயர்ப்பில் இவையெல்லாம் இடைவழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. ஆங்கிலத்தின் ஒரே முன்னிலைப் பெயர் மூன்று படிகளையும் சமனாக்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் தொலைந்ததைத் தமிழ் மீட்க இயலாது. த. நா. குமாரசுவாமி, சு. கிருஷ்ணமூர்த்தி போன்றோர் வங்காளத்திலிருந்து நேரே தமிழாக்கிய மரபு இவ்வகையில் பெரிதும் போற்றத்தக்கது. பெருநாவல்களுக்குக் காட்டப்பட்ட அக்கவனம் நகைச்சுவை நாவல்களுக்கு இன்னும் மிகுதியாகத் தேவைப்படுகிறது. அவலம் மொழிபெயர்ப்பில் ஓரளவு தாங்கும், நகை தாங்காது.

7. முடிவுரை

நகைச்சுவை அச்சத்திற்குப் பகை என்னும் கருத்தும் இளைப்பாறல் என்னும் கருத்தும் வங்காள நாவல்களுக்குப் பொருந்தவில்லை. ‘கங்காவதி’யில் நகை அஞ்சத்தக்கதை இடமாற்றுகிறது, ‘பூஷண்டீர் மாடே’யில் நம்பிக்கைகளைக் கணக்கிட்டுக் காட்டுகிறது, ‘கோஸாயிபாகானேர் பூத்’ நாவலில் அச்சத்தைப் பேயின் பக்கம் மாற்றுகிறது, ஃபெலுதா கதைகளில் அறிவின் எல்லையை உணர்த்துகிறது. நான்கிலும் நகையின் இருப்பிடம் மொழி. சிறுவர் இதழ்களில் வந்தன என்பதாலும் சிரிப்பூட்டுகின்றன என்பதாலும் இவற்றை எளிய நூல்களாகக் கொண்டு விரைந்து மொழிபெயர்க்கும் போக்கு ஏற்கத்தக்கதன்று. ஒலியன், எழுத்துக்குறி, வழக்குவேறுபாடு, முன்னிலைப் பெயர் ஆகிய நான்கு தளங்களிலும் மூலத்தைப் பகுத்தறிந்த பின்னரே பெயர்ப்பு முயற்சி தொடங்க வேண்டும். அவ்வாறு செய்யின் தமிழ்ச் சிறுவர் ஒருவர் நிதிராமின் வருத்தத்தைக் கேட்டுச் சிரிப்பதோடு, சிரித்தபின் அப்பேய்க்காகச் சற்று இரங்கவும் கூடும்.